முப்பது நாளுக்குள் திரும்பி வரப்போவது யார்? இதய வார்டில் கணிக்கும் முறை

இதயச் செயலிழப்பு (இதயம் தேவையான அளவு ரத்தத்தை இறைக்க முடியாமல் உடம்பில் நீர் கோர்க்கிற நிலை) என்று அட்மிட் ஆகி, நீர் வடிந்து, மூச்சு சீராகி வீட்டுக்குப் போகிறவர்களில் ஐந்தில் ஒருவராவது ஒரு மாதத்துக்குள் மறுபடி ஏதோ ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பார். அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் கணக்கு பல வருடங்களாகச் சொல்வது இது. இதய வார்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு அந்தக் கணக்கைப் பார்க்காமலே இது தெரியும். தெரியாதது, அந்த ஒருவர் யார் என்பதுதான். டிஸ்சார்ஜ் காலையிலேயே அதை ஓரளவு சொல்லிவிடலாம். ஓரளவுதான். ஆனால் அந்த ஓரளவை வைத்தே நிறைய செய்ய முடியும்.

நான் தென்மாவட்டம் ஒன்றில், ஒரு ஆஸ்பத்திரியின் இதய வார்டில் நர்ஸ். டிஸ்சார்ஜ் ஆனவர்களைப் பின்தொடர்வது இப்போது என் முழுநேர வேலை. கீழே இருப்பது எங்கள் வார்டில் நாங்கள் செய்கிற முறை. நர்ஸ்கள், டூட்டி டாக்டர்கள், ஆஸ்பத்திரித் தரவை வைத்து புராஜெக்ட் செய்யும் மாணவர்கள், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். எக்செல் தெரிந்தால் போதும். மாடல், அதாவது பழைய நோயாளிகளின் விவரத்திலிருந்து ஆபத்தைக் கணிக்கிற கணக்கு, அதைக் கட்டும் பகுதிக்கு மட்டும் புள்ளியியல் படித்த ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

எதைக் கணிக்கிறோம் என்று முதலில் எழுதி வையுங்கள்

பலர் இதைச் செய்யாமல் நேராக மாடலுக்குப் போய்விடுகிறார்கள். "திரும்பி வந்தவர்" என்றால் யார் என்று அரைப் பக்கம் எழுதி, வார்டு டாக்டரின் ஒப்புதலை வாங்கிவிட்டு மற்றதைத் தொடங்குங்கள். எங்கள் அரைப் பக்கம் இப்படி இருக்கிறது: டிஸ்சார்ஜ் தேதியிலிருந்து 30 நாள். எந்த ஆஸ்பத்திரியானாலும் சரி, ஒரு இரவாவது தங்கிய அட்மிஷன். காரணம் இதயமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கிட்னி, நிமோனியா, பாத்ரூமில் வழுக்கி விழுந்தது எல்லாமே சேரும். காரணத்தை மட்டும் தனியே குறித்துக்கொள்வோம். முன்பே தேதி கொடுத்து வரச் சொன்னவை சேராது: இரண்டாவது ஸ்டென்ட், பைபாஸ், பேஸ்மேக்கர் போன்றவை. வார்டிலேயே இறந்தவர்கள் பட்டியலில் இல்லை. வீட்டுக்குப் போய் 30 நாளுக்குள் இறந்தவர்கள் கட்டாயம் உண்டு.

கடைசி விதியை யாரும் விட்டுவிட வேண்டாம். அட்மிஷனை மட்டும் எண்ணினால், வீட்டில் இறந்துபோனவர் உங்கள் தாளில் "திரும்பி வரவில்லை" என்ற பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். உள்ளதிலேயே மோசமான நிலையில் இருந்தவரைப் பார்த்து, இவர் மாதிரி ஆட்கள் பத்திரமானவர்கள் என்று மாடல் கற்றுக்கொள்ளும். நம் நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. திருவனந்தபுரம் இதயச் செயலிழப்புப் பதிவேட்டில், 2013இல் 18 ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த 1,205 பேரைப் பின்தொடர்ந்தார்கள். ஒரு வருடம் முடிவதற்குள் பத்தில் மூன்று பேர் இறந்திருந்தார்கள். பிறகு வந்த தேசியப் பதிவேட்டில் 53 ஆஸ்பத்திரிகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். அதில் 90 நாளுக்குள் இறந்தவர்கள் ஏறக்குறைய 14 சதவீதம்.

30 நாள் என்ற அளவு இவ்வளவு பரவியதற்குக் காரணம் அமெரிக்கச் சட்டம். 2010இல் சட்டம் வந்தது. 2012 அக்டோபரிலிருந்து மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, நிமோனியா இந்த மூன்றிலும் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் திரும்ப அட்மிட் ஆனால், அந்த ஆஸ்பத்திரிக்கு மெடிகேர் தருகிற தொகையில் பிடித்தம். முதலில் 1 சதவீதம் வரை இருந்தது, பிறகு 3 சதவீதம் வரை போனது. அதற்குப் பிறகு இதைக் கணிக்கிற மாடல்கள் குவிந்தன. அவர்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. பில் கட்டுவது மெடிகேர் என்பதால், நோயாளி எந்த ஊரில் எந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் கணக்கில் வந்துவிடும். நமக்கு அப்படி இல்லை. முதல்வர் காப்பீட்டில் நம்மிடம் இருந்துவிட்டுப் போனவர், அடுத்த முறை நடுராத்திரியில் மூச்சு முட்டினால் பக்கத்துத் தெரு நர்சிங் ஹோமில் காசு கட்டிச் சேர்ந்துவிடுவார். 108 வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கும். நம் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அவர் நலமாக வீட்டில் இருக்கிறார்.

அதனால் நமக்குப் போன்தான் வழி. சொந்த ஆஸ்பத்திரியின் அட்மிஷன் ரெஜிஸ்டரை மட்டும் வைத்துக் கட்டிய எந்த மாடலையும் நான் நம்புவதில்லை.

போன் எண் வாங்குவதிலேயே பாதி வேலை இருக்கிறது. கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கும் எண் பெரும்பாலும் அட்மிஷன் அன்று கூட ஓடிவந்த மருமகனுடையது. ஒரு வாரத்தில் அவர் திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குத் திரும்பியிருப்பார். டிஸ்சார்ஜ் அன்று மூன்று எண் வாங்குங்கள்: நோயாளியுடையது, மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவருடையது, பக்கத்து வீட்டிலோ அதே ஊரிலோ இருக்கிற ஒருவருடையது. வாங்கும்போதே ஒரு மிஸ்டு கால் கொடுத்துப் பாருங்கள். 30ஆம் நாள் கூப்பிட்டு "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டால், "இருக்கோம் சிஸ்டர்" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: "இங்கேயிருந்து போன பிறகு எந்த ஆஸ்பத்திரியிலயாவது ஒரு ராத்திரி தங்குனீங்களா? ஊசி போட்டு நீர் எடுத்தாங்களா?" போனை எடுப்பவர் யார் என்று தெரிந்துகொண்ட பிறகு பேச்சைத் தொடங்குங்கள். சில வீடுகளில் அப்பா போய்ப் பத்து நாள் ஆகியிருக்கும். அப்போது தேதியை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் பேச நினைத்தால் பேசட்டும். தாளை நிரப்புவது அடுத்த வேலை.

கையால் போடுகிற மதிப்பெண்: லேஸ்

மாடல் கட்டும் முன் ஏற்கெனவே இருக்கிற ஒன்றைப் போட்டுப் பார்ப்பது நல்லது. அதிகம் பழக்கத்தில் இருப்பது லேஸ். கனடாவின் ஒன்டாரியோவில் கார்ல் வான் வால்ராவென் குழு 2010இல் வெளியிட்டது. அவர்கள் கணித்ததும் 30 நாளுக்குள் இறப்பு அல்லது திட்டமிடாத மறு அட்மிஷன்தான். நான்கே விஷயங்கள்.

முதலாவது, எத்தனை நாள் தங்கினார். ஒரு நாளுக்கு 1, இரண்டு நாளுக்கு 2, மூன்று நாளுக்கு 3, நான்கு முதல் ஆறு நாள் வரை 4, ஏழு முதல் பதின்மூன்று வரை 5, பதினான்கு நாளும் அதற்கு மேலும் 7. இரண்டாவது, அவசரமாக வந்து சேர்ந்தாரா. ஆம் என்றால் 3. மூன்றாவது, கூட இருக்கும் நோய்கள். பழைய மாரடைப்புக்கு 1, பக்கவாதத்துக்கு 1, சிக்கல் இல்லாத சுகருக்கு 1, இதயச் செயலிழப்புக்கு 2, நாள்பட்ட நுரையீரல் நோய்க்கு 2, கண்ணையோ கிட்னியையோ பாதித்த சுகருக்கு 2 என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். கூட்டுத்தொகை 3 வரை இருந்தால் அப்படியே மதிப்பெண். 4 அல்லது அதற்கு மேல் என்றால் 5. நான்காவது, போன ஆறு மாதத்தில் எத்தனை முறை அவசரப் பிரிவுக்கு வந்தார். முறைக்கு ஒன்று, அதிகபட்சம் 4. மொத்தம் 19க்கு, 10 வந்தால் அதிக ஆபத்து.

ஒருவருக்குப் போட்டுப் பார்ப்போம். அறுபத்திரண்டு வயது, மளிகைக் கடை வைத்திருப்பவர், சுகர் உண்டு, பழைய மாரடைப்பு உண்டு, இந்த முறை மூச்சிரைப்போடு அவசரமாக வந்து ஆறு நாள் தங்கினார். போன மாதமும் ஒரு தடவை அவசரப் பிரிவில் ஊசி போட்டுக்கொண்டு போயிருக்கிறார். நாளுக்கு 4, அவசரத்துக்கு 3, நோய்களின் கூட்டுத்தொகை 2+1+1 என்று 4 வருவதால் 5, அவசரப் பிரிவுக்கு 1. மொத்தம் 13.

இப்போது இதே கணக்கை வார்டில் உள்ள மற்றவர்களுக்கும் போடுங்கள், சிக்கல் தெரியும். அவசரமாக வந்து நான்கு நாள் தங்கிய இதயச் செயலிழப்பு நோயாளிக்கு வேறு எந்த நோயும் இல்லாமலே 4+3+2, அதாவது 9 வந்துவிடுகிறது. சுகர் இருந்தால் 10. நம் ஊரில் சுகர் இல்லாத இதய வார்டு எங்கே இருக்கிறது? ஆக, ஏறக்குறைய எல்லோரும் "அதிக ஆபத்து". எல்லா நோயும் கலந்த வார்டுகளில் பிறந்த மதிப்பெண் இது. ஒரு ஆஸ்பத்திரி முழுவதிலும் யாரைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லும். இதய வார்டுக்குள்ளேயே ஒருவரையும் இன்னொருவரையும் பிரித்துக் காட்டும் வேலையை அது சரியாகச் செய்வதில்லை. இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் மட்டும் சோதித்த ஆய்வுகளிலும் இப்படித்தான் வந்தது. அதனால் லேஸைப் போடுங்கள், தாளில் ஒரு கட்டமாக வைத்துக்கொள்ளுங்கள், அதோடு நிறுத்திவிடாதீர்கள்.

டிஸ்சார்ஜ் காலையில் கட்டிலருகே பார்க்க வேண்டியவை

என் அனுபவத்தில் கணிப்புக்கு அதிகம் உதவுகிற விஷயங்கள் கம்ப்யூட்டரில் இல்லை. கட்டிலருகே இருக்கின்றன.

முதல் கேள்வி, நீர் முழுவதும் வடிந்ததா. கால் வீக்கம் போய்விட்டாலே வடிந்துவிட்டது என்று வீட்டுக்காரர்கள் நினைப்பார்கள். சில சமயம் நாமும் அப்படியே நினைத்துவிடுகிறோம். மூன்று காரியம் செய்யுங்கள். ஒரே தலையணையில் மல்லாந்து படுக்கவைத்து இரண்டு நிமிடம் கூட இருந்து பாருங்கள். அப்புறம் ஸ்டூலில் உட்காரவைத்து, செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி முன்னால் குனியச் சொல்லுங்கள். அரை நிமிடத்துக்குள் மூச்சு வாங்கினால் உள்ளே அழுத்தம் இன்னும் குறையவில்லை என்று அர்த்தம். கடைசியாக வார்டு வராந்தாவில் ஒரு முறை போய்வரச் சொல்லிக் கூடவே நடங்கள். ஆறு நாள் கட்டிலை விட்டு இறங்காதவர் வீட்டு மாடிப்படியில்தான் முதல்முறையாக மூச்சுத் திணறலை உணர வேண்டும் என்றில்லை. நாங்கள் படுக்கிறது, குனிகிறது, நடக்கிறது என்று மூன்று கட்டம் வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றிலும் ஆம் அல்லது இல்லை.

எடை அடுத்தது. அட்மிஷன் அன்று என்ன எடை, இன்று என்ன எடை. எழுந்து நிற்க முடியாமல் வந்தவரின் அட்மிஷன் எடை பெரும்பாலும் "சுமார் 70" என்று கண்ணால் பார்த்து எழுதியதாக இருக்கும். அதைத் தாளில் ஏற்றாதீர்கள். "அளக்கவில்லை" என்று போடுங்கள். அளக்காமல் விட்டதும் ஒரு தகவல்தான். அந்த அளவுக்கு நிலை மோசமாக இருந்தது என்று அது சொல்லும். டிஸ்சார்ஜ் எடையைக் கட்டாயம் எடுத்து, நோயாளியின் சீட்டிலும் பெரிதாக எழுதிக் கொடுங்கள். வீட்டில் அவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது இந்த எண்ணோடுதான்.

ஊசியில் போன நீர் மருந்தை மாத்திரையாக மாற்றி எத்தனை மணி நேரம் ஆயிற்று என்றும் குறியுங்கள். காலையில் ஊசி, மதியம் டிஸ்சார்ஜ் என்றால், மாத்திரை அவருக்கு வேலை செய்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

ரத்தப் பரிசோதனையில் சோடியம் 135க்குக் கீழே, ஹீமோகுளோபின் 12க்குக் கீழே, இரண்டும் எச்சரிக்கை. போஸ்டனில் உருவாகி 2013இல் வெளியான, மறு அட்மிஷனைக் கணிக்கிற ஹாஸ்பிடல் ஸ்கோர் என்ற மதிப்பெண்ணிலும் இந்த இரண்டு எல்லைகளே இருக்கின்றன. கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் வந்த அன்றைவிட ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மேல் பிரஷர் 100க்குக் கீழே நிற்கிறவரையும் குறித்துக்கொள்ளுங்கள். அவருக்கு இதய மாத்திரைகளின் அளவை ஏற்ற முடியாது. இதயத்தின் மீதுள்ள அழுத்தத்தைக் காட்டும் என்டி-ப்ரோபிஎன்பி ரத்தப் பரிசோதனை செய்ய வசதி இருந்தால் வந்த அன்று ஒன்று, போகிற அன்று ஒன்று எடுத்து வித்தியாசத்தைப் பாருங்கள். 30 சதவீதமாவது இறங்கவில்லை என்றால் அவர் திரும்பி வர வாய்ப்பு அதிகம். ஒரே ஒரு முறைதான் எடுக்க முடியும் என்றால் போகிற அன்று எடுங்கள். "பம்பிங் எவ்வளவு" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். ஆனால் எக்கோவில் வரும் அந்தச் சதவீதம் 30 நாள் கணிப்புக்குப் பெரிதாக உதவுவதில்லை. பம்பிங் நன்றாக இருக்கிற இதயச் செயலிழப்பு நோயாளிகளும் அதே அளவுக்குத் திரும்பி வருகிறார்கள்.

அப்புறம் மாத்திரைப் பேச்சு. இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வீட்டிலிருக்கும் மாத்திரைப் பையைக் கொண்டுவரச் சொல்லிக் கட்டிலில் கொட்டிப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் அந்தப் பையில் மூன்று விதமான மாத்திரைகள் இருக்கும்: பழைய டாக்டர் எழுதியது, மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருவது, மெடிக்கலில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை. 2021இல் தொடங்கிய அந்தத் திட்டம் சுகர், பிரஷர்காரர்களுக்கு எவ்வளவோ நன்மை செய்திருக்கிறது. நாம் கவனிக்க வேண்டியது, வீட்டுக்கு வருகிற மாத்திரையும் டிஸ்சார்ஜில் எழுதியதும் ஒன்றோடொன்று மோதுகிறதா என்பதைத்தான். இதயச் செயலிழப்புக்கு சாக்குபிட்ரில்-வல்சார்டன் மாத்திரை எழுதியவரின் வீட்டில் எனலாப்ரில் என்ற பிரஷர் மாத்திரை இருந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த இரண்டும் சேரவே கூடாது, நிறுத்தி 36 மணி நேரம் இடைவெளி விட்டுத்தான் மாற்ற வேண்டும். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் தினமும் போடுகிறவரின் உடம்பில் உப்பும் நீரும் தங்கும், கிட்னியும் கெடும். "வலி மாத்திரை சாப்பிடுறீங்களா" என்றால் இல்லை என்பார்கள். "முட்டி வலிச்சா என்ன பண்ணுவீங்க" என்று கேட்டால் அட்டையை எடுத்துக் காட்டுவார்கள்.

உப்பிலும் அதே கதைதான். சமையலில் உப்பைக் குறைத்துவிட்டோம் என்பார்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் பற்றி ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். வயிறு உப்புசம் என்று தினமும் குடிக்கிற உப்புத் தூளிலும் சோடியம்தான் இருக்கிறது.

கடைசியாக, மாத்திரைக்கு மாதம் எவ்வளவு ஆகும், அதை யார் கொடுப்பார். இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கும், கேளுங்கள். இதயச் செயலிழப்புக்குத் தருகிற டாபாகிளிஃப்ளோசின் மாத்திரையின் முதல் காப்புரிமை 2020இல் முடிந்த பிறகு விலை நன்றாக இறங்கிவிட்டது. ஜெனரிக் பெயரைச் சொல்லி எங்கே குறைவாகக் கிடைக்கும் என்று காட்டிக் கொடுத்தாலே சிலர் தொடர்ந்து சாப்பிடுவார்கள்.

தாளை மாடலாக்குவது

ஒரு வரி ஒரு டிஸ்சார்ஜ். வயது, ஆண்/பெண், தங்கிய நாள், போன ஒரு வருடத்தில் எத்தனை அட்மிஷன், லேஸ், சோடியம், ஹீமோகுளோபின், கிரியாட்டினின், மேல் பிரஷர், படுக்க-குனிய-நடக்க, எடை வித்தியாசம், வலி மாத்திரை, மாத்திரை எடுத்துக் கொடுக்க ஆள் உண்டா, போக வேண்டாம் என்று டாக்டர் சொல்லியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுப் போனவரா. கடைசிக் கட்டத்தில் 30ஆம் நாள் முடிவு. இதில் ஒன்றுக்குத்தான் தனி மரியாதை கொடுப்பேன் என்றால், போன வருட அட்மிஷன் எண்ணிக்கைக்குக் கொடுப்பேன். முன்பு வந்தவர் மறுபடி வருவார். எந்த நாட்டு ஆய்விலும் இது மாறுவதில்லை.

எத்தனை பேர் வேண்டும்? பழைய விதி ஒன்று உண்டு: மாடலில் வைக்கிற ஒவ்வொரு காரணிக்கும் திரும்பி வந்தவர்கள் பத்துப் பேராவது இருக்க வேண்டும். எட்டுக் காரணி என்றால் எண்பது பேர். ஐந்தில் ஒருவர் வருகிறார் என்றால் நானூறு டிஸ்சார்ஜ். சின்ன ஆஸ்பத்திரிக்கு ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆகும். அதுவரை காத்திருக்க வேண்டாம். தாளில் எச்சரிக்கை காட்டும் கட்டங்களைச் சிவப்பாக்கி, எத்தனை என்று எண்ணியே வேலையைத் தொடங்கலாம். பழகிப் பார்க்க விரும்பும் மாணவர்களுக்கு மருத்துவத் தரவுகளைத் தருகிற ஃபிசியோநெட் தளத்தில் சீனாவின் சிகோங் நகர ஆஸ்பத்திரியின் தரவு இருக்கிறது: 2016 முதல் 2019 வரை சேர்ந்த 2,008 இதயச் செயலிழப்பு நோயாளிகள், 28 நாள், 3 மாதம், 6 மாத மறு அட்மிஷன் விவரத்தோடு. சீன ஆஸ்பத்திரியில் கட்டிய மாடலைக் கொண்டுவந்து நம் வார்டில் பயன்படுத்த மட்டும் கூடாது. தேசியப் பதிவேட்டில் சராசரி வயது 60ஐ ஒட்டி இருக்கிறது. பணக்கார நாடுகளின் நோயாளிகளைவிட நம்மவர்கள் பத்து வயது இளையவர்கள். கணிப்பில் வயதுக்குத் தர வேண்டிய முக்கியத்துவம் அங்கே ஒன்று, இங்கே ஒன்று.

முறை என்று பார்த்தால் லாஜிஸ்டிக் ரிக்ரஷன் போதும், பல காரணிகளைச் சேர்த்து வருவாரா மாட்டாரா என்பதன் வாய்ப்பைச் சொல்லும் எளிய புள்ளியியல் முறை அது. ஆர், ஜமோவி என்ற புள்ளியியல் மென்பொருள்கள் இரண்டும் இலவசம், இரண்டிலும் செய்யலாம். டீப் லேர்னிங் கேட்கிற மாணவர்களுக்கு நான் காட்டுவது 2017இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு. ஐம்பத்தாறாயிரத்துக்கும் மேற்பட்ட இதயச் செயலிழப்பு நோயாளிகளின் தரவில் ரேண்டம் ஃபாரஸ்ட், கிரேடியன்ட் பூஸ்டிங் போன்ற மெஷின் லேர்னிங் முறைகளைச் சாதாரண ரிக்ரஷனோடு மோதவிட்டார்கள். எல்லாமே 0.62ஐ ஒட்டி நின்றன. அந்த எண்ணின் அர்த்தம் இதுதான்: திரும்பி வந்த ஒருவரையும் வராத ஒருவரையும் எடுத்தால், வந்தவருக்கு மாடல் அதிக ஆபத்து சொல்லியிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 62. காசைச் சுண்டினாலே 50 கிடைக்கும். முறையை மாற்றி இந்த எண்ணை ஏற்ற முடியாது. பில்லுக்காகச் சேர்த்த தகவலில் இல்லாததைக் கட்டிலருகே போய்ச் சேர்த்தால்தான் ஏறும்.

சோதிக்கும்போது மூன்று விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பழைய மாதங்களில் கட்டி, புது மாதங்களில் சோதியுங்கள். எல்லாவற்றையும் குலுக்கிப் போட்டுப் பாதியாகப் பிரித்தால், அதே நோயாளியின் இரண்டு அட்மிஷன் இரண்டு பக்கமும் விழுந்து மாடல் நன்றாக இருப்பதாகத் தோன்றும். டிஸ்சார்ஜ் நேரத்தில் தெரியாத எதையும் உள்ளே விடாதீர்கள்; "ரிவ்யூவுக்கு வரவில்லை" என்ற கட்டம் அருமையாகக் கணிக்கும், ஏனென்றால் அவர் அப்போது இன்னொரு ஆஸ்பத்திரியில் படுத்திருப்பார். மூன்றாவது, மாடல் 20 சதவீதம் என்று சொன்ன ஆட்களை ஒன்றாகச் சேர்த்து, உண்மையில் நூற்றுக்கு இருபது பேர் வந்தார்களா என்று பாருங்கள். நாற்பது பேர் வந்திருந்தால், வரிசை சரியாக இருந்தாலும் அந்தச் சதவீதத்தை வாய்விட்டுச் சொல்லக் கூடாது.

எண் வந்த பிறகு

எத்தனைக்கு மேல் போனால் அதிக ஆபத்து என்று எல்லோரும் கேட்கிறார்கள். உங்கள் கையில் எத்தனை பேருக்கு நேரம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் கோட்டைப் போட வேண்டும். ஒரு நர்ஸ் வாரத்துக்கு எத்தனை பேரை ஒழுங்காகப் பின்தொடர முடியுமோ, வரிசையின் மேலிருந்து அத்தனை பேர்.

அவர்களுக்கு நாங்கள் செய்வது: இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் போன், ஏழு நாளுக்குள் ஓபி. போனில் கேட்பது எடை, மூச்சு முட்டாமல் படுக்கத் தலையணை எத்தனை, மாத்திரை வாங்கியாகிவிட்டதா. மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறியிருந்தால் அன்றே டாக்டரிடம் பேசி நீர் மாத்திரை அளவை மாற்றிச் சொல்கிறோம். கூப்பிடுகிற ஆளுக்கு இந்த வழி திறந்திருக்க வேண்டும். 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 1,653 பேரில் பாதிப் பேரைத் தினமும் தானியங்கிக் குரல் ஒன்றுக்குப் போன் செய்து விவரம் சொல்ல வைத்தார்கள். மறு அட்மிஷனும் குறையவில்லை, இறப்பும் குறையவில்லை. 2022இல் வந்த ஸ்ட்ராங் ஹெச்எஃப் ஆய்வில் டிஸ்சார்ஜுக்குப் பிறகு 1, 2, 3, 6ஆம் வாரங்களில் நேரில் வரவழைத்துப் பரிசோதித்து, இரண்டு வாரத்துக்குள் மாத்திரைகளை முழு அளவுக்குக் கொண்டுபோனார்கள். 180 நாளில் இறந்தவர்கள் அல்லது இதயச் செயலிழப்பால் மறுபடி அட்மிட் ஆனவர்கள் வழக்கமான சிகிச்சையில் 23.3 சதவீதம், இந்த முறையில் 15.2. என் பார்வையில் இரண்டுக்கும் வித்தியாசம், விவரத்தைக் கேட்டுவிட்டு அதன்மேல் யாராவது ஏதாவது செய்தார்களா என்பதுதான்.

எண்ணை நோயாளியிடம் சொல்லாதீர்கள். ஃபைலின் மேலட்டையில் எழுதாதீர்கள். "இவர் எப்படியும் வருவார்" என்று வார்டில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டால், அடுத்த முறை அவசரப் பிரிவில் அவருக்குக் காத்திருப்பு நீளும். அமெரிக்காவில் பிடித்தம் தொடங்கியபோது ஏழைகளை அதிகம் பார்க்கிற ஆஸ்பத்திரிகளுக்குத்தான் அடி பலமாக விழுந்தது. 2019 நிதியாண்டிலிருந்து, ஏழை நோயாளிகளின் பங்கு ஏறக்குறைய ஒன்றாக இருக்கிற ஆஸ்பத்திரிகளை ஒன்றோடொன்று ஒப்பிடும்படி விதியை மாற்ற வேண்டியிருந்தது. நம் எண்ணும் ஏழையைத் தள்ளிவைக்கிற கருவியாக ஆகிவிடக் கூடாது. அவருக்கு முதலில் போன் போக வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவு பாடு.

மாதக் கடைசியில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். மாடல் ஆபத்து குறைவு என்று சொல்லியும் திரும்பி வந்தவர்களின் கேஸ் ஷீட்டை மட்டும் எடுத்து, டாக்டரும் நர்ஸும் சேர்ந்து படியுங்கள். ஒரே காரணம் இரண்டு மூன்று பேரிடம் தென்பட்டால் அடுத்த மாதத் தாளில் அதற்கு ஒரு கட்டம் சேருங்கள். எங்கள் தாளில் அப்படிக் கடைசியாகச் சேர்ந்த கட்டம், "அடுத்த முப்பது நாள் யார் வீட்டில்". வயதான அம்மா அப்பாக்கள் பத்து நாள் மூத்த மகன் வீடு, பத்து நாள் மகள் வீடு என்று போகிறார்கள். மாத்திரைப் பை ஒரு வீட்டில், சீட்டு இன்னொரு வீட்டில், எடை பார்க்கிற மெஷின் எந்த வீட்டிலும் இல்லை, நம்மிடம் இருக்கும் போன் எண் மூத்த மகனுடையது. இப்போது அப்படிப் போகிறவர்களுக்கு டிஸ்சார்ஜ் சீட்டை வீட்டுக்கு ஒன்றாக நகல் எடுத்துக் கொடுக்கிறோம், ஒவ்வொரு வீட்டு எண்ணையும் தேதியோடு வாங்கி வைத்துக்கொள்கிறோம்.